பூவாடையிடம் கேட்ட கேள்வி

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாசற்படியில் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. ஒரு தகப்பனிடம் மகள் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு நாலு வருஷம் ஆனது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் யாருக்காவது தாகமெடுத்தால் சொல்லுங்கள், கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கும் அது அவ்வப்போது தேவைப்படும்.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து புதிதாக இருந்த காலம். சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் அந்தப் பக்கம், எந்த ஊர் இந்தப் பக்கம் என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சாகவே இருந்தது. அப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் தத்துவம் போதித்துக்கொண்டிருந்தார் தணிகாசலம். நகரிக்குப் பக்கத்தில் கரும்பும் வேர்க்கடலையும் விளைவிக்கிற தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள்.

அவர் பாடம் எடுக்கிற விதம் ஊருக்கே தெரியும். உள்ளே வந்ததும் கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். வலது பக்கம் கிழக்கு, இடது பக்கம் மேற்கு, பூகோளப் படத்தில் இருப்பதுபோல. அப்புறம் எந்த விஷயத்தை எடுத்தாலும் இரண்டு பக்கமும் எழுதுவார். கடவுள், காலம், துக்கம், மரணம், எல்லாம் இரண்டு பக்கமும் வரும்.

"மேற்கே கேள்விதான் விளக்கு. கிரீஸ் தேசத்தில் ஒருவன் தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டான். ஊரார் அவனுக்கு விஷம் கொடுத்தார்கள். குடிக்கும்போதும் அவன் கேட்பதை விடவில்லை. ஆதாரம் காட்டு, இல்லையென்றால் தள்ளிவிடு. அது அவர்கள் வழி. கிழக்கே குருவிடம் சிஷ்யன் கேட்கிறான், குரு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பேசாமல் இருப்பதுதான் பதில். கேள்வி எங்கே அடங்குகிறதோ அங்கே நம்மவர்களுக்கு அறிவு ஆரம்பிக்கிறது," என்பார்.

எல்லைக் கமிஷன் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அல்லவா, பின் பெஞ்சுப் பிள்ளைகள் தெலுங்கும் தமிழும் கலந்து கிண்டல் செய்வார்கள். "மாஸ்டாரு போடற கோடு மாதிரி கமிஷன்காரங்களுக்குக்கூட நேராப் போட வராது." ஒருநாள் ஒருவன் எழுந்து, "நீங்க எந்தப் பக்கம், மாஸ்டாரு?" என்று கேட்டான். "நான் கோட்டின் மேலே நிற்கிறேன்பா," என்றார் தணிகாசலம். வகுப்பே சிரித்தது. அவருக்கும் அந்தப் பதில் பிடித்துப்போய் வருஷா வருஷம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி செங்கம்மா சோறு போட்டு, "கொழம்புல உப்பு சரியா கீதா?" என்று கேட்பாள்.

"ஒரு விதத்துல பார்த்தா சரிதான். ஆனா இன்னொரு விதத்துல..."

மூத்த மகள் தாட்சாயணி அப்பாவின் தட்டில் கை வைத்து ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மிம்மா. நைனா சொல்லி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போவும்," என்பாள். இளையவள் அலர்மேல்மங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். சின்னவளை வீட்டில் மங்கை என்று கூப்பிட்டார்கள். பெரியவளைத் தாட்சி என்று. தாட்சி அப்பாவைப்போலவே உயரம். அப்பாவின் பாடப் புத்தகங்களைக் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைப்பது அவள் வேலை.

பதினேழு வயதில் தாட்சிக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். அந்தக் காலத்துப் பத்தியம் உங்களுக்குத் தெரியாது, கண்ணுகளா. வயிற்றுக்கு ஒன்றும் கூடாது. தண்ணீரையும் காய்ச்சி ஆறவைத்துக் கரண்டிக் கணக்கில்தான் கொடுக்க வேண்டும். நாக்கு வறண்டு அந்தப் பெண் செம்பைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

ஒருநாள் காலையில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "அம்மா, ஒரு டம்ளர் தண்ணி குடும்மா. ஒரே ஒரு டம்ளர்," என்றாள். செங்கம்மா அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "கபிலதீர்த்தம் போய் வேண்டிக்கினு வந்துடறேன்டி கண்ணு. வந்து தரேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மகள் தெளிந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில்தான் போனாள்.

மதியம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாட்சி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

"நைனா, செத்துப்போனா எங்க போவாங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ வருஷம் பதில் எழுதியிருக்கிறார், இரண்டு பக்கமும். அதனால் சட்டென்று வாயில் வந்துவிட்டது. "அதுல ரெண்டு பார்வை கீதும்மா. கிழக்கே இன்னா சொல்றாங்கன்னா, ஆத்மா வேற உடம்புக்குப் போயிடுது, பழைய துணியை விட்டுட்டுப் புதுசு கட்டிக்கற மாதிரி. மேற்கே சில பேரு, அது நம்ம கையில இல்லாத விஷயம், அதைப் பத்தி பயப்படறதே வீண்னு..."

"அது இல்ல நைனா. நீ இன்னா சொல்ற?"

தணிகாசலம் அவள் போர்வையை இழுத்துவிட்டார். "யோசிச்சு சொல்றேன்மா," என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தார். செங்கம்மா தீர்த்தப் பாத்திரத்தோடு வாசலில் கால் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நகரிக்குப் பக்கத்தில் அவர்கள் கழனி ஓரமாகவே அடக்கம் செய்தார்கள். கல்யாணமாகாத பெண் அல்லவா, மஞ்சள் பாவாடை தாவணி கட்டி, கை நிறைய வளையல் போட்டு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. மதியம் மகள் கேட்ட கேள்வியை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. காலையில் மகள் கேட்ட தண்ணீரை அவள் அவரிடம் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர் கல்லூரிக்குப் போய்க் கோடு போட்டார். அவள் வீட்டில் செம்பில் தண்ணீர் நிரப்பினாள், யாரும் குடிக்காத அதைச் சாயங்காலம் துளசிக்கு ஊற்றினாள். அவரை உள்ளே அரித்தது ஒன்றே ஒன்று: அந்தப் பெண் என்மேல் கோபமாகப் போனாளா? இதை யாரிடம் கேட்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து மங்கைக்கு வரன் வந்தது, திருத்தணிப் பக்கம். பேசி முடித்து வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். அதற்கு முன் பங்குனியில் எல்லை முடிவாகி நடப்புக்கு வந்துவிட்டது. திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் இங்கே ஆந்திராவிலேயே நின்றன. ஒரே சாலையில் ஒரு மணி நேரப் பயணம். நடுவில் ஒரு கோடு.

"மூத்தவ பஸ்ஸு போவாத ஊருக்குப் போயிட்டா," என்றாள் செங்கம்மா. "எளையவ அடுத்த ராஜ்ஜியத்துக்குப் போறா. எனக்கு வாச்சது அப்பிடி." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னாங்க, கல்யாணத்துக்கு முன்னால ஊருக்குப் போயி பூவாடை அழைக்கணும்," என்றாள்.

பூவாடை என்றால் என்ன என்று உங்களில் சில பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். கிணற்றடியில் பம்பை மேளம் அடித்து அழைப்பார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி மேல் அவள் வந்து இறங்குவாள். மனசில் உள்ளதைச் சொல்வாள், கேட்டதை வாங்கிக்கொள்வாள், அப்புறம் தானே பானையில் தண்ணீர் மொண்டு தலையில் வைத்துக் கல்யாண வீட்டுக்கு வருவாள். அந்தப் பானை மூலையில் இருந்தால் அவளும் கல்யாணத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்தவளை யார், என்ன என்று விசாரிப்பது பம்பைக்காரர் வேலை. வீட்டாருக்கு உள்ளது 'சரிம்மா' என்கிற சொல் மட்டும்தான்.

தணிகாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிச்சுப் பாரு செங்கம்மா. நம்ம சாஸ்திரப்படி அவ இந்நேரம் வேற எங்கேயோ பொறந்திருப்பா. நாலு வயசு கொழந்தையா ஓடிக்கினு இருப்பா. அப்பிடி இருக்கறவ கெணத்தடிக்கு எப்பிடி வருவா?"

"எந்த வூட்ல பொறந்தா?"

"அது எப்பிடித் தெரியும்?"

"தெரிஞ்சா சொல்லுங்க, நான் போயி வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடறேன். தூக்கக்கூட மாட்டேன்."

அவருக்கு அந்தப் பக்கம் அடைத்துப்போயிற்று. இந்தப் பக்கம் வந்தார். "மேல்நாட்டுல ஒரு கூட்டம் இருந்தது. போனது நம்மோடது இல்ல, கொஞ்ச நாள் நம்மகிட்ட இருந்ததைத் திருப்பிக் குடுத்துட்டோம்னு நெனச்சு மனசை அடக்கணும்னு சொன்னாங்க."

"அத்த சொன்னவனுக்குப் பொண்ணு இருந்துச்சா?"

"தெரியலையே."

"உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கு வேணாங்க," என்றாள் செங்கம்மா. "பொண்ணு வரட்டும். வந்து தங்கச்சி கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லட்டும். எனக்கு அவ கொரல் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அழாமல்தான் சொன்னாள். அவர் சரி என்றார்.

வைகாசி வெயிலில் பஸ் ஏறி நகரிக்குப் போனார்கள். ஊரில் தணிகாசலத்தின் தங்கை பொன்னியம்மாதான் கழனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காரி. அண்ணனைக் கண்டதும், "வாங்கண்ணா. நாலு எழுத்துப் படிச்சவங்க எங்க பம்பை சத்தத்துக்கெல்லாம் வருவாங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்," என்றாள். அண்ணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முதலில் மோர் கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் எல்லோரும் கழனிக் கிணற்றடிக்குப் போனார்கள். தூரத்தில் மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கிற நகரி மலை முனை வெயிலில் சிவந்து தெரிந்தது. பம்பைக்காரர் ஏகாம்பரம் கிழவர்தான் தணிகாசலத்தின் கல்யாணத்துக்கும் அடித்தவர். மண்பானைக்கு மஞ்சள் பூசி, கழுத்தில் பூச்சுற்றி, புதுப் பாவாடையும் தாவணியும் வளையலும் தாம்பாளத்தில் வைத்தார்கள். ஒரு முழம் மல்லிகையைக் கிணற்றில் போட்டார்கள். ஏகாம்பரம் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பம்பையை எடுத்தார்.

முதலில் வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் குடும்பத்தில் போன பெண்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பாடினார். கடைசியில் தாட்சாயணி என்ற பெயர் வந்தது. செங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தப் பெயரை நாலு வருஷமாக வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை.

பொன்னியம்மாவின் தோள் ஆட ஆரம்பித்தது. கூந்தல் அவிழ்ந்தது. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்தாள். பம்பை வேகமாயிற்று.

"வந்தது யாரு தாயி? பேரைச் சொல்லு."

"இந்த வூட்டுப் பொண்ணு."

"கன்னியா, கட்டினவளா?"

"கன்னி." வாய் நிறையப் பேசுகிற பொன்னியம்மாவின் குரலே இல்லை. மெலிந்து, களைத்துப்போன குரல். "தாட்சி."

செங்கம்மாவிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சுக்கீறாங்க. உத்தரவு குடுக்கணும். உனக்கு இன்னா கொறை, சொல்லு."

"எங்க அம்மா வந்துக்கீதா? எங்க நைனா வந்துக்கீறாரா?"

"வந்துக்கீறாங்க தாயி. எதுர்லயே நிக்கறாங்க."

பொன்னியம்மா தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள். "நைனா," என்றாள்.

தணிகாசலம் அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. அவர் ஓரடி முன்னால் வந்தார். அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மா, கடைசியா அன்னிக்கு என்கிட்ட இன்னா கேட்ட?"

பம்பை நின்றுவிட்டது. ஏகாம்பரம் பதறிப்போய், "ஐயா, கேக்கக்கூடாது, கேக்கக்கூடாது," என்றார். ஆனால் கேட்டாயிற்று. பொன்னியம்மாவின் உதடு அசைந்தது.

"தண்ணி," என்றாள். "தண்ணிதானே கேட்டேன்."

தணிகாசலம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கரும்பலகை முன்னால் நின்று நின்று, தப்பான பதில் காதில் விழுந்தால் தப்பு என்று சொல்லியே பழகிய வாய். "இல்லம்மா," என்றார் மெதுவாக. "அது இல்ல."

பொன்னியம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் கை கால் தளர்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏகாம்பரம் திரும்பவும் பம்பை எடுத்து வெகு நேரம் அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கெஞ்சினார், திட்டினார். யாரும் வரவில்லை. பொன்னியம்மா கூந்தலை முடிந்துகொண்டே, "இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் என்னியே பாக்கறீங்க?" என்றாள்.

மஞ்சள் பூசிய பானையைக் காலியாகத்தான் வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். வழியில் பங்காளி ஒருத்தர் பின்னால் வந்தவரிடம், "காலேஜு வாத்தியாரு இல்ல, பூவாடைக்கே பரிட்சை வச்சுட்டாரு. பெயிலாக்கி அனுப்பிச்சுட்டாரு," என்றார். சிரிப்புச் சத்தம் முன்னால் நடந்தவர் காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் செங்கம்மா காலிப் பானையை மூலையில் வைத்தாள். புதுப் பாவாடையை மடித்து அதன் மேல் வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"வந்த பொண்ணை வாசல்லயே நிக்கவச்சு விசாரிச்சு அனுப்பிட்டீங்க."

"அவ இல்ல செங்கம்மா. அவளா இருந்தா தெரிஞ்சிருக்கும். அவ தண்ணி கேக்கல."

"கேட்டா."

"என்கிட்ட கேக்கல."

"என்கிட்ட கேட்டா," என்றாள் செங்கம்மா. "அன்னிக்குக் காத்தால. ஒரு டம்ளர்னா. கோயிலுக்குப் போயிட்டு வந்து தரேன்னு சொல்லிட்டுப் போனேன். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க தங்கச்சிக்குத் தெரியாது, சாமிக்குக்கூட நான் சொல்லல. அவ வாயால தண்ணின்னு வந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் பொண்ணு, என் எதிர்ல நிக்கிறா. ஓடிப்போயி ஒரு செம்பு குடுத்துடலாம்னு திரும்பறேன், நீங்க இல்லன்னுட்டீங்க."

தணிகாசலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். காய்ச்சலில் கிடக்கிற யாருக்கும் தண்ணீர்த் தாகம் இருக்கும், அதைச் சொல்ல ஆவி வரத் தேவையில்லை, இப்படி ஒரு வாதம் அவருக்குள்ளே எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரே சொல். அவள் பக்கம் அது அத்தாட்சி. அவர் பக்கம் தப்பு. நடுவில் நின்ற பெண் போய்விட்டாள்.

"நான் சோதிக்கறதுக்குக் கேக்கல," என்றார் கடைசியில்.

"வேற எதுக்கு?"

அப்போதுதான் சொன்னார். மதியம் நடந்ததையெல்லாம் சொன்னார். செத்துப்போனால் எங்கே போவார்கள் என்று கேட்டது, கிழக்கு என்றும் மேற்கு என்றும் தான் ஆரம்பித்தது, 'நீ இன்னா சொல்ற' என்று அவள் கேட்டது, யோசித்துச் சொல்கிறேன் என்றது, அவள் திரும்பிப் படுத்தது. "கோவமா போனாளான்னு தெரிஞ்சுக்கணும் எனக்கு. அவளா இருந்தா அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேப்பா, இந்தத் தடவை பதில் சொல்லிடலாம்னு..."

"இன்னா பதில் சொல்லியிருப்பீங்க?"

அவர் பேசவில்லை. கிழக்கில் குரு பேசாமல் இருப்பாரே, அந்த மாதிரி இல்லை. பதில் இல்லாததால் பேசவில்லை.

செங்கம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் குரல் மாறியிருந்தது. "அந்தப் பொண்ணு பயந்துபோயி கேட்டுக்கீதுங்க. எங்கியும் போவமாட்டே, எங்ககிட்டதான் இருப்பேன்னு சொல்லியிருந்தா போதும்."

"அது உண்மையான்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் அவள்.

கொஞ்சம் இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கல்யாணம் ஊர் வீட்டிலேயே நல்லபடியாக நடந்தது. கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணம், வெல்லப் பாயசத்துக்குக் குறைவில்லை. மூலையில் காலிப் பானை இருந்தது. அந்தப் பக்கமாகப் போகிற பெண்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் செங்கம்மா மணமேடையைப் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பெண்ணை அனுப்பிவைக்கச் சாலைக்கு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இன்னியோட உங்க பொண்ணு எங்க ராஜ்ஜியத்து ஆளு, சம்பந்தி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மங்கை சிரிக்கவில்லை. அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அக்கா போனதிலிருந்து அப்பாவிடம் கேள்வியே கேட்காத பெண் அது.

"நைனா, இனிமே நான் எந்த ஊருப் பொண்ணு?"

"அதுல ரெண்டு விதமா..." என்று ஆரம்பித்துவிட்டார். பழக்கம். செங்கம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

அவர் நிறுத்திக்கொண்டார். மகளின் தலையில் கை வைத்தார். "எங்க வூட்டுப் பொண்ணு," என்றார். "எங்க போனாலும் எங்க வூட்டுப் பொண்ணும்மா நீ."

மங்கை முகம் மலர்ந்துவிட்டது. அதைக் கேட்ட செங்கம்மாதான் புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்து, பெண் ஏறி, எல்லோரும் கையசைத்து முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை. அத்தனை சின்னப் பதில்தான். அது ஒருத்திக்குக் கிடைத்தது. இன்னொருத்திக்குக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் மூலையில் இருந்த பானையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரையும் கூப்பிடவில்லை. பம்பை இல்லை, கற்பூரம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கழனி வரப்பில் அவர் திரும்பி வருவது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பானையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத ஆள் நடக்கிற நடை. சட்டையெல்லாம் தண்ணீர் தளும்பி நனைந்திருந்தது. பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்னியம்மா எதிரே ஓடினாள். செங்கம்மா கையமர்த்தி அவளை நிறுத்திவிட்டுத் தானே போய் அவர் தலையிலிருந்து பானையை இறக்கினாள்.

"திரும்பியும் கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கல. சொல்லிட்டு வந்தேன்."

"இன்னான்னு?"

"அன்னிக்கு நீ சொன்னியே, எங்ககிட்டதான் இருப்பேன்னு, அத்தத்தான்."

"அவ..." என்று ஆரம்பித்துச் செங்கம்மா நிறுத்திக்கொண்டாள். இப்போது அவள் வாயில் வந்த கேள்வியை அவளே விழுங்கிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்தால் அந்தத் தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றிவிடுவதுதான் வழக்கம். செங்கம்மா ஊற்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதிக்குக் கொண்டுவந்தாள். ரேணிகுண்டா பக்கம் பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு பேருமாகப் பானையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார்களாம். இதை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

திருப்பதி வீட்டில் தாட்சி படுத்திருந்த அறையில் அந்தப் பானை இருந்தது. திருப்பதிக் கோடை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை அனல் வீசும். நாளுக்கு நாள் பானையில் தண்ணீர் ஒரு விரல் இறங்கும். காலையில் செங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குடிச்சுக்கீறா," என்பாள். பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற தணிகாசலம் நிமிர்ந்து பார்ப்பார். வெயிலுக்கு வற்றுகிறது, மண்பானையில் கசிகிறது, இரண்டும் அவருக்குத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்பார்.

அவள் எழுந்து போய் ஊற்றுவாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. அந்தப் பெண் அன்று வந்தாளா, வரவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். எழுந்து போவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் தாகம் என்று கேட்டவருக்கு அந்த நிமிஷமே தண்ணீர் கிடைக்கட்டும். பயந்து கேட்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கை இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பானை நிறைந்தே இருக்கட்டும், உங்கள் பிள்ளைகள் எந்தக் கோட்டைத் தாண்டிப் போனாலும் உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து வந்து போகட்டும்.